நாங்கள் எழுதியதை யாராவது வாசிக்கக் கேட்க வேண்டும்: இசையமைப்புத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

இசைக் கல்லூரிகளிலும் கலைக் கல்லூரிகளின் இசைத் துறைகளிலும் இசையமைப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கிற ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மூன்று வருடம் இசையமைப்பு படித்தவள். படிப்பு முடிந்துவிட்டது, இனி மதிப்பெண் பற்றிய பயம் இல்லை. அதனால் படிக்கிற காலத்தில் சொல்லத் தயங்கிய ஒன்றை இப்போது எழுதுகிறேன். எந்தக் கல்லூரி, எந்த ஆசிரியர் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. வேறு வேறு இடங்களில் இதே படிப்பைப் படித்தவர்களோடு பேசும்போது கிட்டத்தட்ட எல்லோருமே இதைத்தான் சொல்கிறார்கள், ஆகவே ஓர் இடத்தை மட்டும் சுட்டுவது நியாயமாகவும் இருக்காது.

விஷயம் இதுதான். மூன்று வருடத்தில் 23 இசை உருப்படிகள் எழுதிக் கொடுத்தேன். அவற்றில் மனிதர்கள் வாசித்து நான் காதால் கேட்டவை 2. மீதி 21 உருப்படிகளையும் கணினிதான் வாசித்தது. மதிப்பெண் போட்டவர்களும் கணினி வாசித்ததைத்தான் கேட்டார்கள், சில சமயம் அதுவும் இல்லாமல் ஸ்கோரை, அதாவது நாங்கள் எழுதிய இசைத்தாளை, மட்டும் புரட்டிப் பார்த்தார்கள். சமையல் படிக்க வந்தவர் மூன்று வருடம் செய்முறை எழுதி எழுதிக் கொடுத்து, இரண்டே இரண்டு தடவை மட்டும் அடுப்பு பற்றவைத்தால் எப்படி இருக்கும்? எங்கள் படிப்பு அப்படித்தான் இருந்தது.

முதல் தடவை கேட்டது இரண்டாம் வருடக் கடைசியில். கிளாரினெட்டுக்கும் பியானோவுக்குமாக மெதுவான ஓர் உருப்படி. கிளாரினெட் பிரிவில் என்னைவிட இரண்டு வருடம் மூத்த ஓர் அக்கா அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தார். என் தாள்களை ஸ்டாண்டில் வைத்து, வாசிக்காமல், முதலில் கண்ணாலேயே ஒரு தடவை ஓட்டினார். மூன்றாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். "நான் எங்கேம்மா மூச்சு விடுறது?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அந்த இடத்தில் 14 பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) ஒரே ஸ்லர், அதாவது விடாமல் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு, போட்டிருந்தேன், நடுவில் ஓர் ஓய்வுக்குறிகூட இல்லை. வேகம் நிமிடத்துக்கு 50 தட்டு. பாருக்கு 4 தட்டு என்றால் மொத்தம் 56 தட்டு, அதாவது 67 வினாடி. அந்தக் கணக்கை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றுகொண்டு போட்டோம். அப்புறம் அவர் பென்சிலை எடுத்து நான்காவது பாரின் முடிவில் ஒரு சின்னக் காற்புள்ளி போட்டார், எட்டாவதில் ஒன்று, பதினொன்றாவதில் ஒன்று. வாசித்தார். அந்தக் காற்புள்ளி வருகிற இடத்தில் மூச்சு இழுக்கிற சத்தம் மெல்லக் கேட்டது, அதற்கு அடுத்த சுரம் அப்போதுதான் பிறந்தது போல வந்தது. நான் எழுதியது ஒரே நீளக் கோடு. அவர் வாசித்தது நான்கு வாக்கியங்கள். எது பாட்டு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. மெட்டின் உச்சத்தை நான் கிளாரினெட்டின் நடுப்பகுதியில், ஏ, பி ஃபிளாட் என்கிற மேற்கத்திய சுரங்கள் வருகிற இடத்தில் வைத்திருந்தேன். வாசிக்கிறவர்கள் அவற்றைத் தொண்டைச் சுரங்கள் என்பார்கள். அந்தக் கருவியிலேயே கொஞ்சம் மங்கலாக ஒலிக்கிற இடம் அது. அதற்கு அடுத்த பி-க்குப் போக வேண்டுமென்றால், திறந்து கிடக்கிற துளைகளை ஏறக்குறைய எல்லா விரல்களாலும் ஒரே நொடியில் மூட வேண்டும். நான் மின்ன வேண்டும் என்று நினைத்த சுரம் போர்வைக்குள்ளிருந்து வந்தது. ஒரு ஸ்வரம் மேலே தள்ளியிருந்தால் போதும். கணினியில் எல்லாச் சுரமும் ஒரே பளபளப்போடு வந்ததால் இது எனக்குத் தெரியவே இல்லை.

இதை நீங்கள் வகுப்பில் சொல்லித்தரவில்லை என்று சொல்ல மாட்டேன். சொல்லித்தந்தீர்கள். கருவிகளின் எல்லை, மூச்சு, விரல் அமைப்பு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், தேர்வில் கிளாரினெட் கேள்விக்கு முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனாலும் 67 வினாடி ஸ்லரைப் போட்டேன். ஏனென்றால் நோட்டில் இருந்தது எழுதும்போது கைக்கு வரவில்லை. எதிரில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு, காற்றுக் கருவிக்கு எழுத உட்காரும்போதெல்லாம் நானும் கூடவே மூச்சு இழுத்துப் பார்க்கிறேன். பாடம் அங்கேதான் ஏறியது.

இசையை எழுதி வாசித்துக் காட்டுகிற மென்பொருள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சிபேலியஸ், டோரிகோ, மியூஸ்ஸ்கோர் என்று எது கையில் இருந்தாலும், தப்பான சுரத்தைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாள் பிரித்து அச்சடிக்க, அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது வாசிப்பதைக் கேட்டுவிட்டு "சரியாக இருக்கிறது" என்று நாங்கள் நம்ப ஆரம்பிக்கிறோம், நீங்களும் நம்ப ஆரம்பித்திருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. வயலினில் ஜி தந்திதான் கீழ்த் தந்தி, அதற்கு அடுத்தது டி. நடு சி-யும் அதற்குக் கீழே உள்ள ஏ-யும் டி தந்தியின் திறந்த சுரத்தைவிடக் கீழே இருப்பவை, ஆகவே இரண்டையும் ஜி தந்தியில் மட்டும்தான் எடுக்க முடியும். ஒரு தந்தியில் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் வராது. அந்த இரண்டையும் சேர்த்து எழுதினால் கணினி சிரமமே இல்லாமல் வாசித்துக் காட்டும். புல்லாங்குழலைக் கீழ் ஸ்தாயியில் விட்டு, மேலே இரண்டு டிரம்பெட்டை முழங்க விட்டால், கணினியில் குழல் தெளிவாகக் கேட்கும், மேடையில் குழல்காரர் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். ஹார்ப் என்கிற பெரிய தந்திக் கருவிக்குக் காலால் மிதிக்கிற 7 பெடல். ஒரு பெடல் ஒரு பெயருள்ள சுரத்தை எல்லா ஸ்தாயியிலும் ஒன்றாக மாற்றும். அதனால் வேகமாக அரைச் சுரம் அரைச் சுரமாக ஓடுகிற வரியை எழுதினால் வாசிப்பவரின் காலுக்குத்தான் கஷ்டம். கணினிக்குக் கால் இல்லை, உதடு இல்லை, களைப்பு இல்லை, பக்கம் புரட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

நான் சொன்ன அந்த வயலின் தப்பு என்னுடையதுதான். நான் கேட்ட இரண்டாவது உருப்படி, இறுதி வருடத்துக்காக எழுதிய ஸ்ட்ரிங் குவார்டெட், அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ. ஸ்கோரைக் கொடுத்து, மதிப்பெண்ணும் முடிவாகி, அதற்கு அப்புறம் வந்த நிகழ்ச்சிக்காக ஒரே ஓர் ஒத்திகை. இரண்டாவது வயலின் வாசித்த பையன் வில்லை எடுத்துவிட்டு, "இந்த ரெண்டும் ஒரே தந்தியில இருக்கே, எதை விட்டுடட்டும்?" என்றான். ஒரு சுரத்தை வியோலாவுக்கு மாற்றிக் கொடுத்தேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது, சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் மதிப்பெண் போடப்பட்ட ஸ்கோரில் வாசிக்க முடியாத அந்த இரட்டைச் சுரம் அப்படியேதான் இருக்கிறது, அதன் ஓரத்தில் ஒரு திருத்தம்கூட இல்லை. அந்த உருப்படிக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

இங்கேதான் என் முக்கியமான குறை இருக்கிறது. வாசிப்பு கடைசியில் வருகிறது. அதைப் பரிசு மாதிரி, நன்றாக எழுதிய நாலைந்து பேருக்கு, வருடக் கடைசி நிகழ்ச்சி என்று வைத்திருக்கிறீர்கள். நன்றாக எழுத வராதவர்களுக்குத்தானே அது முதலில் தேவை? எழுதி, வாசிக்கக் கேட்டு, வீட்டுக்குப் போய்த் திருத்தி, மறுபடியும் வாசிக்கக் கேட்பது, இந்த நாலும் சேர்ந்ததுதான் ஒரு பாடம். நீங்கள் முதல் படியை மட்டும் பாடமாக வைத்திருக்கிறீர்கள்.

கவுண்டர்பாயின்ட் வகுப்பை, அதாவது ஒரு மெட்டோடு இன்னொரு மெட்டைச் சேர்த்து எழுதக் கற்கும் வகுப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோஹன் ஜோசப் ஃபுக்ஸ் 1725-இல் வகுத்துத் தந்த முறையில்தான் நாங்கள் இன்னும் பயிற்சி செய்கிறோம்: கீழே ஒரு மெட்டு, அதற்கு மேலே சுரத்துக்குச் சுரம், அப்புறம் ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு நாலு என்று ஏறிக்கொண்டே போகிற படிகள். அந்த முறைமேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. அவருக்குப் பின் வந்த இசையமைப்பாளர் ஹேடன் அதை வைத்துத் தானாகவே படித்துக்கொண்டவர். ஆனால் அந்த விதிகள் எல்லாம் பாடுகிற குரல்களை மனதில் வைத்து எழுந்தவை. அவற்றை நாங்கள் வாயே திறக்காமல், ஓர் அறை நிறைய உட்கார்ந்து, கணக்குப் போடுவது போலப் போட்டோம். இரண்டு குரலுக்கும் நடுவே அடுத்தடுத்து இரண்டு ஐந்தாம் இடைவெளி (ஷட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தூரம்) வந்தால் சிவப்பு வட்டம். ஏன் வரக்கூடாது என்று கேட்டால், "விதி." ஒரு நாள் பக்கத்தில் இருந்த தோழியும் நானும் வகுப்பு முடிந்த பிறகு அந்த இரண்டு வரியையும் பாடிப் பார்த்தோம். ஷட்ஜமமும் பஞ்சமமும் எவ்வளவு ஒட்டிப்போகும் என்று சுருதி சேர்த்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒட்டிக்கொண்டே இரண்டு குரலும் சேர்ந்து நகர்ந்தபோது, என் குரல் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. இருவர் பாடியது ஒருவர் கொஞ்சம் தடித்த குரலில் பாடியது போல ஆனது. இரண்டு குரல்களும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய இடத்தில் ஒன்று கரைந்துபோகிறது, அவ்வளவுதான் அந்த விதி. பாடியபோது பத்து வினாடியில் புரிந்தது. அதற்கு முன் ஒரு பருவம் முழுக்கச் சிவப்பு வட்டம் வாங்கியிருந்தேன். கரைய வேண்டும் என்று விரும்பி எழுதுகிற இடத்தில் அதே ஐந்தாம் இடைவெளியைத் தைரியமாக வைக்கலாம் என்பதும் அன்றுதான் புரிந்தது. கவுண்டர்பாயின்ட் பயிற்சிகளைப் பாடிக் காட்டித்தான் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சுருதி சேர்ந்தால் போதும்.

"மகான்கள் எல்லாம் மனதுக்குள் கேட்டே எழுதினார்கள், பீத்தோவன் காது கேட்காமலே எழுதினார்" என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பீத்தோவன் 1770-இல் பிறந்தவர், காது மங்க ஆரம்பித்தபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே பியானோவில் பெயர் வாங்கியிருந்தார், இளம் வயதில் பான் நகர அரசவை ஆர்கெஸ்ட்ராவில் வியோலா வாசித்திருந்தார். வியோலாக்காரர் ஆர்கெஸ்ட்ராவின் நடுவில் உட்கார்ந்து, சுற்றியுள்ள எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வாசிக்கிறவர். ஒன்பதாவது சிம்பொனி 1824-இல் மேடையேறியபோது அவர் மனதுக்குள் கேட்டது, அத்தனை வருடம் காதுக்குள் சேர்த்து வைத்தது. எங்களுக்கு இன்னும் சேரவே இல்லை, இல்லாத சேமிப்பிலிருந்து எப்படி எடுப்பது?

ஹேடன் 1761-இல் எஸ்டர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார், ஏறக்குறைய முப்பது வருடம் அங்கே இருந்தார். கையில் ஓர் ஆர்கெஸ்ட்ரா இருந்ததால் எது எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்று பார்த்து, சேர்த்து, வெட்டி, துணிந்து பார்க்க முடிந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இசையமைப்பாளர் பிராம்ஸ் பியானோக்காரர். வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த உருப்படி) எழுதியபோது, 1878 ஆகஸ்டில், வயலின் பகுதியைத் தன் நண்பரும் வயலின் கலைஞருமான யோவாகிமுக்கு அனுப்பி, எது கஷ்டம், எது சங்கடம், எது முடியவே முடியாது என்று குறித்துத் தரச் சொன்னார். அப்போது அவருக்கு 45 வயது, இரண்டு சிம்பொனிகளை முடித்திருந்தார். 1879 ஜனவரி 1-ஆம் தேதி யோவாகிமே அதை மேடையில் வாசித்தார், அதற்குப் பிறகும் இருவரும் திருத்திக்கொண்டே இருந்தார்கள். இசையமைப்பாளர் மாலர் தன் ஐந்தாவது சிம்பொனியை 1904-இல் அரங்கேற்றிவிட்டு, தான் இறந்த 1911 வரை அதன் வாத்தியப் பங்கீட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். அவர்களுக்கே கேட்டுத் திருத்துவது தேவைப்பட்டது என்றால், இருபது வயதில் எழுதத் தொடங்குகிற எங்களுக்கு எவ்வளவு தேவைப்படும்?

நேரம் இல்லை, வாசிக்க ஆள் இல்லை என்பீர்கள். ஆள் இருக்கிறார்கள். அதே கட்டடத்தில், சில சமயம் அடுத்த அறையிலேயே, வயலினும் செல்லோவும் குழலும் படிக்கிற மாணவர்கள் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்ட இப்போதைக்கு ஒரே வழி நட்புதான், யாரையாவது தெரிந்திருக்க வேண்டும், கெஞ்ச வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடத் தங்கள் இசையைக் கேட்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்படிப் போன மூவரை எனக்கே தெரியும், அதில் ஒருவர் எங்கள் வகுப்பிலேயே மிக நுணுக்கமாக எழுதக்கூடியவர். அவர் இப்போது எழுதுவதே இல்லை.

நான் ஆர்கெஸ்ட்ராவைக் கேட்கவில்லை. ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தில் இரண்டு தடவை, தடவைக்கு இருபது நிமிடம், இரண்டு பேரோ மூன்று பேரோ வாசிக்க வேண்டும். பருவத்தின் நடுவில் ஒன்று, திருத்தி எழுதிய பிறகு ஒன்று. பன்னிரண்டு பேர் படிக்கிற வகுப்பென்றால் ஒரு பருவத்துக்கு மொத்தம் 8 மணி நேரம். வாசிக்கிற மாணவர்களுக்கு அதைச் சேம்பர் இசை (சிறு குழு இசை) பாடத்தின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அது இனாம் வேலையாகப் போய்விடக் கூடாது, அவர்கள் நேரமும் விலையுள்ளதுதான். புதிதாக எழுதப்பட்ட ஒன்றை முன்மாதிரி இல்லாமல் வாசித்துப் பழகுவது அவர்கள் தொழிலுக்கும் தேவை. அந்தக் கிளாரினெட் அக்கா பிறகு என்னிடம் சொன்னார், அதற்கு முன் தான் வாசித்த எதையும் எழுதியவரிடம் "இங்கே என்ன நினைத்தாய்?" என்று கேட்க முடிந்ததே இல்லையாம்.

ஆசிரியர் அந்த இருபது நிமிடமும் கூட இருக்க வேண்டும். நீங்கள் வந்து உட்கார்ந்து, என் முகத்தையும் வாசிப்பவர் முகத்தையும் பார்த்தால், ஸ்கோரின் ஓரத்தில் பத்து குறிப்பு எழுத வேண்டிய வேலை குறையும்.

அப்புறம் மதிப்பெண். முதல் வாசிப்புக்குக் கொண்டுவந்ததற்கும் இரண்டாவது வாசிப்புக்குக் கொண்டுவந்ததற்கும் இடையில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பதைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். பாதி மதிப்பெண்ணாவது அதற்கு இருக்கட்டும். இப்போது பத்திரமாக எழுதுகிறவருக்குத்தான் மதிப்பெண். துணிந்து ஒன்றை முயன்று, அது விழுந்து, கேட்டு, எழுப்பி நிறுத்தியவருக்கு எதுவும் இல்லை. முதல் வருடத்தில் தனிக் கருவி, இருவர், மூவர் என்று நிறுத்திக்கொண்டால் போதும். முப்பது கருவிக்கு எழுதி ஒன்றையும் கேட்காமல் இருப்பதைவிட, ஒரே ஒரு செல்லோவுக்கு எழுதி நாலு தடவை கேட்பது நல்லது. சொந்தக் குரல் எது, தனிப்பாணி எது என்கிற பேச்சைக்கூட அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதல் பருவத்திலேயே அதைக் கேட்டு எங்களைத் திணற வைக்க வேண்டாம்.

அந்தக் கிளாரினெட் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மூன்று பென்சில் காற்புள்ளிகள், உச்சச் சுரத்தைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் அவர் கையெழுத்தில் "மேலே போகலாமா?" என்று ஒரு கேள்வி. மேலே கொண்டுபோனேன். அந்தத் திருத்திய வடிவத்தை இதுவரை யாரும் வாசித்ததில்லை. அவர் படிப்பு முடித்துப் போய்விட்டார்.

அடுத்த பருவத்துக்கு அட்டவணை போட உட்காரும்போது இந்த 8 மணி நேரத்தையும் அதில் எழுதுங்கள். எந்த அறை எந்த நேரம் காலியாக இருக்கும், எந்த மாணவர்கள் வாசிக்க முன்வருவார்கள் என்று விசாரித்து எழுதித் தர, படித்து முடித்த நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம். தாள்களை அச்சடித்து, ஒட்டி, பக்கம் புரட்டும் இடத்தைச் சரிபார்த்து முன்கூட்டியே கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. வாசிப்பவர்கள் கையில் ஒரு வாரம் முன்னதாகத் தாள் இருக்கும்.

அன்புடன்,
இசையமைப்பு படித்து முடித்த ஒரு மாணவி